உயிலை நிரூபிக்க ஒரு சாட்சி

அப்பா தம் உயிலை முறையாகப் பதிவு செய்திருந்தார். மயிலாப்பூர் வீடு எனக்கும் தம்பிக்கும் சரிபாதி, அம்மா உயிரோடு இருக்கும்வரை அவருக்கே அங்கு வசிக்கும் உரிமை, உயிலில் உள்ளபடி செய்துமுடிக்கும் பொறுப்புள்ள நிறைவேற்றுநர் நான். இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதால் பெயர் மாற்றம் சுலபம் என்றுதான் உறவினர்கள் சொன்னார்கள். வழக்கறிஞரோ உயிலைப் படித்துவிட்டு, "சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் இருக்கிறார்களா அம்மா?" என்று கேட்டார்.

பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் பதிவு மட்டுமே உயிலை நிரூபித்துவிடாது. அப்பா கையெழுத்திட்டதைக் கண்ட சாட்சிகளில் ஒருவராவது அதைச் சொல்ல வேண்டும். அப்பாவுடன் வேலை பார்த்த ஒருவர் முன்பே காலமாகிவிட்டார். இன்னொருவர் எங்கள் பழைய பக்கத்து வீட்டு மாமா. மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். இருவருமே இல்லாதிருந்தால், சாட்சி ஒருவரின் கையெழுத்தையும் அப்பாவின் கையெழுத்தையும் அடையாளம் காட்டக்கூடியவர்களைத் தேடியிருக்க வேண்டும்.

மாமாவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. நினைவு மட்டும் துல்லியம். அப்பா நிதானமாக முழுவதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்றும், அவர் முன்னிலையிலேயே தாங்கள் இருவரும் கையெழுத்திட்டதாகவும் பிரமாணப் பத்திரத்தில் சொன்னார். அந்த ஒரு தாளுக்காக நான் அவருக்கு ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

நாங்கள் மனுப் போட்டது 2019இல். அன்றைய சட்டப்படி, இந்து ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி அதிகார எல்லைக்குள், அதாவது நகரத்துக்குள், எழுதிய உயிலுக்குப் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயம். வெளியூரில் எழுதியிருந்தாலும் நகரத்துக்குள் உள்ள வீடு, மனைக்கு அது தேவை. திருச்சியிலேயே எழுதி, திருச்சி வீட்டை மட்டும் குறிப்பிட்ட அத்தையின் உயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. கட்டாயத்துக்குக் காரணமான இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை 2025 இறுதியில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் யாராவது உயிலை மறுத்தால் சாட்சியைக் கொண்டு நிரூபிக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது.

இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், வில்லங்கச் சான்று ஆகியவை சிரமமின்றிக் கிடைத்தன. மனம் நோகும் இடம் வேறு. மனுவில் தம்பி 'எதிர்மனுதாரர்'. சிங்கப்பூரிலிருந்து அழைத்து, "அக்கா, என் மீதே வழக்குப் போட்டிருக்கிறாயா?" என்றான். குரல் உடைந்திருந்தது. மற்ற வாரிசுகளுக்குத் தெரியாமல் யாரும் சொத்தைக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது என்று வழக்கறிஞரே அவனிடம் பேசிய பிறகுதான் அமைதியானான். இந்திய உயர் ஆணையத்தில் சம்மதப் பிரமாணப் பத்திரம் கொடுத்தான், அம்மாவும் கொடுத்தார். நோட்டீஸ் போகும் முன்பே வீட்டாரிடம் பேசிவிடுங்கள். யாராவது கேவியட் (ஆட்சேப மனு) போட்டு எதிர்த்தால் மனு வழக்காக மாறி, ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

வங்கி வைப்புத்தொகைக்கு நாமினி தம்பிதான். பணம் அவன் கைக்கு வந்தது, அதனாலேயே அவனுடையதாகிவிடவில்லை. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்குத்தான் என்று ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இலேயே சொல்லியிருக்கிறது. உயிலில் அந்தத் தொகை அம்மாவுக்கு. தம்பி ஒரு வார்த்தை பேசாமல் அவர் கணக்குக்கு அனுப்பிவைத்தான்.

பத்திரிகையில் அறிவிப்பு வந்து, யாரும் ஆட்சேபிக்காததால் புரொபேட் கிடைத்தது. உயிலின் அசல் நீதிமன்றத்திலேயே தங்கிவிடும். முத்திரையிட்ட நகல்தான் நமக்கு. அதை வைத்துப் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் மாற்றினோம். நிறைவேற்றுநரின் வேலை அத்தோடு முடிவதில்லை. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்த கணக்கின் நகல் ஒன்றைத் தம்பிக்கும் அனுப்பினேன். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் அனுப்பினேன்.