ஃபில்டரா, வாஷிங் மெஷினா?

பெங்களூரு அல்சூர் வீட்டில் ஒன்றரை அடி அக்வேரியத் தொட்டி, தண்ணீர் 35 லிட்டர் இருக்கும், உள்ளே அனுபியாஸ், ஜாவா மாஸ் என்று நீர்ச்செடிகள், கொஞ்சம் செர்ரி இறால். கடைக்காரர் பேச்சைக் கேட்டு மணிக்கு 500 லிட்டர் தள்ளுகிற பவர் ஃபில்டரை மாட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் மாஸ் எல்லாம் பிய்ந்து மிதக்கிறது, இறால் குஞ்சு ஒன்றைக்கூடக் காணோம், அத்தனையும் உறிஞ்சு குழாய்க்குள் போயிருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, வாஷிங் மெஷினா?" என்றார்.

இந்த அளவுத் தொட்டிக்கு மணிக்கு 150, 200 லிட்டரே போதும். இப்போது ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான், காற்றுக் குமிழி விட்டுத் தண்ணீரை ஸ்பாஞ்ச் வழியாக மெல்ல இழுப்பது. காற்று பம்ப் ராத்திரியெல்லாம் கொர்ரென்கிறது, சரி, பழகிவிட்டது. செடி வளர்வதற்காகச் சிலிண்டர் வைத்து கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்களுக்கு இது சரிப்படாது, குமிழி மேல்மட்டத்தைக் கலக்கி வாயுவை வெளியேற்றிவிடும். என்னிடம்தான் அந்த வசதியே இல்லையே.

அப்புறம், ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஸ்பாஞ்சில் இருந்துகொண்டு, கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியா செத்துப்போகும். தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் எடுத்து அதில் இரண்டு பிழி பிழிந்தால் பழுப்பாகக் கலங்கி வரும், அவ்வளவுதான்.