லிமிட்டுக்குள்தான் இருந்தது

“அண்ணை, லிமிட்டுக்குள்ளதானே இருக்கு? பிறகேன் வச்சிருக்கிறியள்?”

விமானங்களை நேரத்துக்குக் கிளப்பும் ஆபரேஷன்ஸ் பிரிவில் இருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி போனில் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டிய எஞ்சினியர் நான், போடாமல் பிடித்து வைத்திருந்தேன். அவன் கேட்டதில் தப்பே இல்லை. இடது எஞ்சின் எண்ணெய் குடிக்கும் அளவு பராமரிப்புப் புத்தகம் சொன்ன எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் லாக் புக்கைப் பின்னோக்கிப் புரட்டினால் பறப்புக்குப் பறப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது. எஞ்சினின் வெளிமூடியான கவுலிங்கைத் திறந்து டார்ச் அடித்தேன். கியர்பாக்ஸ் வடிகால் குழாயின் முனையில் ஈரம். துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன், மறுபடி கசிந்தது. அந்தக் கசிவுக்கும் புத்தகத்தில் அனுமதி உண்டு.

இரண்டே எஞ்சின் கொண்ட விமானம் அட்லாண்டிக்கைக் கடக்க ஈட்டாப்ஸ் (ETOPS) என்ற தனி விதிகள் உண்டு. நடுக்கடலில் ஒன்று நின்றால், மற்றதை மட்டும் நம்பி ஐஸ்லாந்துக்கோ அயர்லாந்துக்கோ நியூஃபவுண்ட்லாந்துக்கோ போய்ச் சேர வேண்டும். புறப்படும் முன் எண்ணெய்க் கணக்குப் பார்ப்பது அதற்காகத்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. கசிவைத் தடுக்கும் சீலை மாற்ற வேண்டும் என்றேன். அன்றைய நியூயார்க் பறப்பு ரத்து.

பெரிய கம்பெனி என்றால் வேறொரு விமானத்தை இழுத்து வந்து நிறுத்தியிருப்பார்கள். பிசினஸ் கிளாஸ் மட்டுமே ஓட்டும் சின்ன கம்பெனியில் ஏது உபரி? குத்தகைக்கு வந்த பழைய போயிங்குகள், அவையும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வாடகை மலிவு, எரிபொருள் செலவு அதிகம். இதே ரகக் கம்பெனிகளில் இயாஸ், இருநூறு பேர் உட்காரக்கூடிய 757-இல் 48 இருக்கைதான் போட்டது. மேக்ஸ்ஜெட் 767-இல் 102. ஒரு பறப்பு நின்றால் அத்தனை பேருக்கும் வேறு கம்பெனியில் அதே வகுப்பு டிக்கெட் வாங்கித் தர வேண்டும். ஒரு வாரத்து லாபம் ஒரே ராத்திரியில் போய்விடும். தம்பிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். “சனம் லவுஞ்சில இருக்குது, அண்ணை” என்று மட்டும் சொன்னான். அதட்டவில்லை.

சீல் மாற்றிய பிறகு எஞ்சின் எண்ணெய் குடிக்கும் அளவு இறங்கியது. நான் செய்தது சரி என்பதற்கு அது சாட்சியா? அப்படி நினைத்துத்தான் பல நாள் தூங்கினேன். ஆனால் மாற்றாமல் விட்டிருந்தாலும் அன்றைய பறப்பு பத்திரமாகப் போய் இறங்கியிருக்கும் என்றே என் தொழிலறிவு சொல்கிறது. புத்தகத்தை எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை.

மேக்ஸ்ஜெட் 2007 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நின்றது. 2008 ஏப்ரலில் இயாஸ், மே கடைசியில் சில்வர்ஜெட். அந்த ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. நான் வேலை பார்த்த கம்பெனியும் நிலைக்கவில்லை, தம்பியின் வேலையும் போனது. ஒரு ராத்திரி ரத்தானதால் யாரும் மூடுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட ராத்திரிகள் சேர்ந்தால்?

இப்போது பெரிய கம்பெனியில் இருக்கிறேன். விமானத்தை நிறுத்துகிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, பக்கத்து ஸ்டாண்டில் இன்னொன்று நிற்கும். இங்கே சந்தேகப்படுவது சுலபம். அங்கே என் சந்தேகத்துக்கு வேறு யாரோ விலை கொடுத்தார்கள். அதே அளவுகளை இன்று காட்டினாலும் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தத் தம்பி எதிரே வந்தால் இதை எப்படிச் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை.