புராஸ்டேட் லேசர் ஆபரேஷன்: ஸ்கேன் எடுத்த நாள் முதல் ஆறாவது வாரம் வரை

ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது ஒரே எண்ணைத்தான்: சிறுநீர் வழியைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பி எத்தனை கிராம்? 20, 25 இருக்க வேண்டியது 60 என்று இருந்தால் அன்றைக்கே வீட்டில் ஆபரேஷன் பேச்சு ஆரம்பமாகிவிடும். அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 90 கிராம் வைத்துக்கொண்டு தாராளமாகச் சிறுநீர் போகிறவர்கள் உண்டு. 35 கிராமிலேயே அடைத்துக்கொண்டு, நடுராத்திரியில் சிறுநீரை இறக்க டியூப் போட ஓடுகிறவர்களும் உண்டு. சுரப்பியின் நடு மடல் சிறுநீர்ப்பைக்குள் துருத்திக்கொண்டிருந்தால், சின்னச் சுரப்பியே மூடி போட்டதுபோல் வாயை அடைத்துவிடும். அதனால் அதே ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சிறுநீர் கழித்த பிறகும் பையில் எத்தனை மில்லி தங்குகிறது? சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றனவா? மீதம் 30, 40 மில்லி என்றால் பதற வேண்டாம். 200, 300 என்று போனால் பையின் தசை சோர்ந்துவருகிறதோ என்று யோசிக்க வேண்டும். தசை முழுக்கச் சோர்ந்துவிட்டால், அடைப்பை எந்த லேசரால் நீக்கினாலும் தள்ளிவிட ஆள் இருக்காது.

இந்த மீத அளவு தவறாக வருவதற்கு நம் பக்கத்தில் ஒரு வழக்கமான காரணம் உண்டு. வேதாரண்யத்திலிருந்தோ பேராவூரணியிலிருந்தோ தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் வந்து, ஸ்கேன் சென்டரில் இன்னும் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்து, முறை வரும் வரை அடக்கி உட்கார்ந்திருப்பார்கள். அளவுக்கு மீறி நிரம்பிய பை ஒரே தடவையில் காலியாகாது. ரிப்போர்ட்டில் மீதம் அதிகமாகக் காட்டும். வழக்கமாக முட்டும் அளவுக்கு வந்ததும் போய்ச் சொல்லிவிடுங்கள். சிறுநீரின் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ டெஸ்டில் சிக்கல் தலைகீழ்: 150 மில்லியாவது போகாவிட்டால் அந்த வரைபடத்தை நம்ப முடியாது, மறுபடி எடுக்க வேண்டும். போதுமான அளவு போயும் உச்ச வேகம் நொடிக்கு 10 மில்லிக்குக் கீழே இருந்தால் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சோர்ந்துபோன பையும் இதே போன்ற வரைபடத்தைத் தரும் என்பதால், நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் டெஸ்டையும் டாக்டர் கேட்கலாம். அது வீண் செலவு இல்லை.

மாத்திரையில் சரியாகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் அல்லது சைலோடோசின் 8 மில்லிகிராம், வழியை இறுக்கும் தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். டூடாஸ்டெரைடு 0.5 மில்லிகிராம் சுரப்பியைச் சுருக்கும். அதற்கு ஆறு மாதமாவது ஆகும். மூன்று எச்சரிக்கைகள். டூடாஸ்டெரைடு சாப்பிடுகிறவருக்கு, புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். ரிப்போர்ட்டில் 3 என்று வந்தால் அதை 6 என்று நினைத்துத்தான் டாக்டர் படிக்க வேண்டும், ஆகவே மாத்திரை விஷயத்தை மறைக்காதீர்கள். டாம்சுலோசின் எடுப்பவர் கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபரேஷன் நடுவில் கண்பாவை தளர்ந்து சுருங்கித் தொல்லை கொடுக்கும். மாத்திரையை முன்னதாக நிறுத்தினாலும் அது முழுதாகப் போகாது. மூன்றாவது, சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை. மார்கழிப் பனியில் மூக்கடைப்புக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு, மறுநாள் சொட்டுக்கூடப் போகாமல் கேஷுவாலிட்டியில் நிற்பவர்கள் ஏராளம்.

மாத்திரை போட்டும் திரும்பத் திரும்ப அடைப்பது, அடிக்கடி கிருமித் தொற்று, நிற்காத ரத்தம், பையில் கல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவது, சிறுநீரகம் வீங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம் இல்லை. ஒரு இடைச்செருகல்: முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தே குடலிறக்கம் வந்தவர்கள் உண்டு. புராஸ்டேட்டைக் கவனிக்காமல் குடலிறக்கத்தை மட்டும் தைத்தால், முக்கல் தொடரும், தையலுக்குத்தான் கேடு.

இனி லேசர். போர்டில் 'லேசர் சிகிச்சை' என்று ஒரே சொல்லாகத்தான் எழுதியிருக்கும். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "உரித்து எடுக்கிறீர்களா, ஆவியாக்குகிறீர்களா?" என்பது. இரண்டும் வேறு வேறு ஆபரேஷன்.

உரித்தெடுப்பது ஹோலெப். 2140 நானோமீட்டர் ஹோல்மியம் லேசர், திசுவுக்குள் அரை மில்லிமீட்டர்கூட இறங்காது. நுங்கைக் கட்டைவிரலால் தோண்டி எடுத்தால் கூடு அப்படியே நிற்கிறதல்லவா, அதுபோல வெளி உறையை விட்டுவிட்டு உள்ளே வளர்ந்த சதையை மட்டும் பிரித்துப் பைக்குள் தள்ளுகிறார்கள். பிறகு மார்சலேட்டர் என்ற கருவி அதைத் துருவி உறிஞ்சி வெளியே எடுக்கும். தூலியம் லேசரில் செய்தால் துலெப்; வேலை ஒன்றுதான். 100, 150 கிராம் சுரப்பிக்கும் செய்யலாம். முன்பு இவ்வளவு பெரிதானால் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். எடுத்த சதை பயாப்ஸிக்குப் போகும்.

ஆவியாக்குவது 532 நானோமீட்டர் பச்சை லேசர். ரத்தம் அந்தக் கதிரை நன்றாக உள்வாங்குவதால் சதை கொதித்து ஆவியாகிவிடும், ரத்தக்கசிவு குறைவு. ரத்தம் உறையாத மருந்தை நிறுத்தவே முடியாதவர்களுக்கு இது நல்ல வழி. பயாப்ஸிக்குச் சதை மிஞ்சாது என்பது இதன் குறை; ஆகவே பிஎஸ்ஏ சந்தேகம் எல்லாவற்றையும் முன்னாலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மின்கம்பியால் சதையைச் சீவி எடுக்கும் பழைய முறையான டியூஆர்பியை மட்டமாக நினைக்க வேண்டாம். 40, 50 கிராம் சுரப்பிக்கு, பழகிய கையால் செய்த டியூஆர்பியும் லேசரும் தரும் நீரோட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சாதாரண மின்கம்பி டியூஆர்பியில் கிளைசின் கரைசலைப் பாய்ச்சுவார்கள். அது ரத்தத்தில் கலந்து சோடியத்தை இறக்கிவிடும் என்பதால் நேரக் கட்டுப்பாடு உண்டு. லேசரில் பாய்வது உப்புநீர், அந்த ஆபத்து இல்லை. ஹோலெப் கற்றுக்கொள்ளக் கடினமான வேலை என்பதையும் மறக்கக் கூடாது. "இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. புதிதாக லேசர் வாங்கிய இடத்தைவிட, தினமும் டியூஆர்பி செய்யும் டாக்டரே மேல் என்பது என் கணிப்பு.

எங்கே செய்வது? தஞ்சாவூர், திருச்சி, நாகை, காரைக்கால் பக்கத்துக்காரர்கள் பலர் புதுச்சேரி ஜிப்மருக்கும் போகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அட்மிஷன் போடும் முன் காப்பீட்டுக் கவுன்ட்டரில் இரண்டு விஷயம் கேளுங்கள்: அனுமதி எந்த ஆபரேஷன் பெயரில் வாங்கப்படுகிறது, லேசர் ஃபைபருக்கும் பயாப்ஸிக்கும் தனியாகப் பணம் உண்டா. டிஸ்சார்ஜ் அன்று இதைக் கேட்டுப் பயனில்லை.

தேதி குறிப்பதில் வயலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரம் கனமான வேலை கூடாது. ஜூன் 12 மேட்டூர் திறப்பை நம்பிக் குறுவைக்கு இறங்குகிறவர் மே மாதத்தில் தேதி வாங்கினால் நாற்றங்காலில் போய் நிற்கத்தான் செய்வார், யார் சொன்னாலும் கேட்க மாட்டார். சம்பா அறுவடை முடிந்து நெல்லை விற்ற பிறகு, மாசியில் வைத்துக்கொள்வது வசதி. டியூபோடு இருப்பவர்களுக்கும் கிரியேட்டினின் ஏறியவர்களுக்கும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

முன்தயாரிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர். சிறுநீரில் கிருமி இருக்கும்போது உள்ளே வேலை செய்தால் அது ரத்தத்தில் ஏறி, அன்று ராத்திரியே குளிர்க்காய்ச்சலும் பிரஷர் இறக்கமும் வரும். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். கிருமி இருந்தால் அதற்கேற்ற மருந்து சில நாள் ஓட வேண்டும். எனவே ஒரு வாரம், பத்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள், அதற்கு முன் கைக்கு வந்த ஆன்டிபயாட்டிக் எதையும் போடாதீர்கள். டியூப் போட்டிருப்பவர் வெளியே தொங்கும் பிளாஸ்டிக் பையிலிருந்து பிடித்துக் கொடுத்தால் அது அந்தப் பிளாஸ்டிக் பையின் கிருமியைத்தான் காட்டும். நர்ஸ்தான் டியூபிலிருந்து எடுக்க வேண்டும்.

அடுத்து மாத்திரைகள். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் கட்டாமலிருக்க எடுக்கும் குளோபிடோக்ரலைப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் முன் நிறுத்துவார்கள். ஆனால் எழுத்தில் இதய டாக்டரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு நாள்கூடத் தானாக நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரின் 75ஐத் தொடரச் சொல்லும் டாக்டர்களே அதிகம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினி கிடக்கும்போது, சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏற அது காரணமாகிறது. மயக்க டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். பெயர் நினைவில் நிற்காது, பழைய அட்டையோடு கொண்டுபோங்கள்.

ஆபரேஷன் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுத்தான். சதையின் அளவைப் பொறுத்து ஒன்று, இரண்டு மணி நேரம். கால்களைத் தூக்கிவைத்துப் படுக்க வேண்டும், மூட்டு மாற்று செய்தவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முடியும்போது பல்லெல்லாம் அடித்துக்கொள்ளும் நடுக்கம் வரலாம். உள்ளே லிட்டர் கணக்கில் நீர் பாய்ந்த குளிர்ச்சியாலும் முதுகு ஊசியாலும் வருவது, போர்வையில் அடங்கிவிடும்.

முதல் ராத்திரி கூட இருப்பவருக்குத்தான் வேலை. மூன்று வாய் டியூப் போட்டிருப்பார்கள்: ஒன்றில் உப்புநீர் உள்ளே போகும், ஒன்றில் சிறுநீரோடு வெளியே வரும், மூன்றாவது உள்ளிருக்கும் பலூனுக்கு. கவனிக்க வேண்டியது வெளியே வருவதைத்தான். ரோஸ் நிறம் சரி. தக்காளிச் சாறுபோல் கெட்டியானால் நர்ஸைக் கூப்பிடுங்கள். உள்ளே போய்க்கொண்டிருக்க, வெளியே சொட்டு நின்றுவிட்டால் கட்டி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே போகும் குழாயின் கிளிப்பை உடனே மூடிவிட்டுக் கூப்பிடுங்கள்; விட்டால் பை உப்பி வலி உயிரைப் பிடுங்கும். ஊசிக்குழாயால் கழுவி விடுவார்கள், சரியாகிவிடும். குழாய் மடங்கித் தொடைக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், பாதி அடைப்பு அதுதான். "டியூப் இருந்தும் முட்டுகிறது, பாத்ரூம் போகணும்" என்று அப்பா எழுந்து நிற்பார். பலூன் பையின் அடியில் உரசுவதால் வரும் இழுப்பு அது. முக்கக் கூடாது; முக்கினால் டியூபின் ஓரத்தில் கசியும், ரத்தமும் வரும். டியூபை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு நாளில் காலையில் டியூபை எடுப்பார்கள். முதல் இரண்டு மூன்று தடவை எரிச்சல் கண்ணீர் வரவைக்கும். ஒவ்வொரு தடவையும் அளந்து குறித்து, கடைசியில் ஸ்கேனில் மீதம் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். போகவே இல்லை என்றால் மறுபடி டியூப் போட்டுச் சில நாள் கழித்து எடுப்பார்கள். பல மாதம் அடைப்போடு இருந்த பைக்கு ஓய்வு தேவைப்படுவது வழக்கம், ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று கலங்க வேண்டாம்.

வீட்டில் முதல் மாதம் அவசரமாக முட்டும், எரியும். இருமினாலும் எழுந்தாலும் சொட்டலாம். உரித்தெடுத்தவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதல், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் அடங்கும். காற்றை அடக்குவதுபோல் ஆசனவாய்த் தசையை ஐந்து நொடி இறுக்கி விடுவது, ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை. இதை ஆபரேஷனுக்கு முன்பே பழகியவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். சொட்டுகிறது என்று தண்ணீரைக் குறைப்பதுதான் பெரிய தவறு. இதய நோய் இல்லாதவர்கள் இரண்டு, இரண்டரை லிட்டர் குடிக்க வேண்டும், சாயங்காலத்துக்குப் பின் குறைத்துக்கொள்ளலாம். டிகிரி காபியைக் காலையோடு நிறுத்தினால் முட்டல் ஓரளவு குறையும்.

பத்து, பதினான்காம் நாள் வாக்கில் உள்ளே ஆறிய பொருக்கு உதிர்ந்து சிறுநீர் திடீரென்று சிவக்கும். தெளிந்துவிட்டது என்று வண்டியை எடுக்கிற நாளும் அதுதான். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் தெளியும். கட்டி வந்தாலோ, அடைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ போக வேண்டும். 40 கிலோ நெல் சிப்பம் மட்டுமல்ல, 16 லிட்டர் ஸ்ப்ரேயரும் முதுகில் ஏறக் கூடாது. டிராக்டர், வரப்பு மேல் பைக் இரண்டும் ஆறு வாரத்துக்கு வேண்டாம். மலச்சிக்கலில் முக்குவதும் அதே கெடுதல்தான், கீரையும் வாழைப்பழமும் போதாவிட்டால் மருந்து கேளுங்கள்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத விஷயம்: விறைப்பு பெரும்பாலும் முன்பிருந்தபடியே இருக்கும். விந்து மட்டும் பலருக்கு வெளியே வராமல் பைக்குள் போய்ச் சிறுநீரோடு கலந்துவிடும், அது மாறுவது அபூர்வம். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே கணவனுக்கும் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல மாதம் கழித்து ஓட்டம் மறுபடி மெலிந்தால் வழியில் தழும்பு விழுந்து சுருங்கியிருக்கலாம். உடனே காட்டினால் சின்ன வேலையோடு முடியும்.

பயாப்ஸி ரிப்போர்ட் டிஸ்சார்ஜ் அன்று வராது. நன்றாகப் போகிறதே என்று அதை வாங்கப் பலர் திரும்பிப் போவதே இல்லை. சாதாரண வீக்கம் என்று எடுத்த சதையில் சிலருக்குப் புற்றுநோய் இருப்பது அந்தத் தாளில்தான் தெரியவரும். தாள் சுத்தமாக இருந்தாலும், விட்டுவைத்த வெளி உறையில்தான் புற்றுநோய் பெரும்பாலும் வளரும் என்பதால், மூன்று மாதம் கழித்து எடுக்கும் பிஎஸ்ஏவைப் புதிய அடிப்படையாக வைத்துக்கொண்டு, பிறகு எவ்வளவு நாளைக்கு ஒரு முறை பார்ப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.