'நைதர் டூ ஐ': சிஜிஎல் ஆங்கிலத்தில் 'நானும் இல்லை' கேள்விகளை விடாமல் பிடிக்க

எஸ்எஸ்சி நடத்தும் சிஜிஎல் (மத்திய அரசு வேலைக்கான பட்டதாரி நிலைத் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது. கைகொடுத்தது ஆங்கிலம்தான். அந்த நிம்மதி இருக்கும்போதே ஒரே ஒரு பகுதியைப் பற்றி எழுதிவிடுகிறேன். வொக்காபுலரிக்கும் இடியம்ஸுக்கும் வழிகாட்ட நிறைய பேர் இருக்கிறார்கள். 'எனக்கும் பிடிக்காது', 'நானும் போகவில்லை' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று மட்டும் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. பெரம்பூரிலிருந்து எண்ணூர் வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு எஸ்எஸ்சிக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்குத்தான் இது.

டயர் 1-ல், அதாவது முதல் கட்டத் தேர்வில், ஒரு கேள்விக்கு 2 மார்க், தப்புக்கு 0.50 போகும். டயர் 2-ல் கேள்விக்கு 3, தப்புக்கு 1. டயர் 2-ல் தரவரிசைக்குச் சேரும் 390 மார்க்கில் ஆங்கிலத்துக்கு மட்டும் 135. கணக்கும் ரீசனிங்கும் தலா 90தான். ஆங்கிலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது எனக்குச் சம்மதமே இல்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், தமிழில் 'உம்' ஒன்றே போதும். 'அண்ணனுக்கு மீன் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும்.' 'அண்ணனுக்கு மீன் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.' இரண்டிலும் அதே 'எனக்கும்'. ஆங்கிலம் அப்படி விடாது. பாசிட்டிவ் வாக்கியத்துக்கு 'ஸோ', 'டூ' (too), 'ஆல்ஸோ'. நெகட்டிவ் வாக்கியத்துக்கு 'நைதர்', 'நார்', 'ஐதர்'. நாம் பழக்கத்தில் 'ஐ ஆல்ஸோ டோண்ட் லைக் இட்' என்போம். பேச்சில் புரிந்துவிடும். தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லும் எரர் ஸ்பாட்டிங்கில் அந்த 'ஆல்ஸோ'தான் தப்பு.

இனி சொல்லப்போகிற பழக்கம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால்கூடப் போதும் என்பேன். ஆப்ஷன்களைப் பார்க்காதீர்கள். முதலில் ரஃப் தாளில் ஒரு குறியும் ஒரு சொல்லும் எழுதுங்கள்.

1. முதல் வாக்கியம் நெகட்டிவா? ஆமென்றால் '−' குறி. இல்லையென்றால் '+'.
2. அதில் இருக்கும் துணைவினையை எடுத்து எழுதுங்கள்: இஸ், வாஸ், ஹேஸ், கேன், வில், டிட், எதுவானாலும்.
3. '−' என்றால் நைதர், பிறகு துணைவினை, பிறகு ஆள். '+' என்றால் நைதருக்குப் பதில் ஸோ.
4. துணைவினையைப் புது ஆளுக்குப் பொருந்த மாற்றுங்கள். காலத்தை மாற்றாதீர்கள்.

'ஷீ டஸண்ட் லிவ் இன் ராயபுரம்.' குறி '−', சொல் 'டஸ்'. ஆள் 'ஐ' என்பதால் 'டஸ்', 'டூ' (do) ஆகிறது. விடை: 'நைதர் டூ ஐ.' 'ஐ வாஸண்ட் ரெடி' என்றால் 'நைதர் வேர் தே.' 'ஐ ஹேவண்ட் ஈட்டன் அத்தோ' (அத்தோ, பர்மா நூடுல்ஸ்) என்றால் 'நைதர் ஹேஸ் மை பிரதர்.' விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஆப்ஷனுக்குள் போனால் நான்கில் ஒன்றைத் தேடி எடுக்கிற வேலைதான் மிச்சம். எதுவும் எழுதாமல் போனால் நான்குமே சரி மாதிரி தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்றே அமைக்கிறார்கள்.

அந்தத் தப்பான ஆப்ஷன்களின் வகை இவ்வளவுதான்:

- 'நைதர் ஐ டூ': இடம் மாறவில்லை. நைதர் முன்னால் வந்தால் துணைவினை ஆளுக்கு முன்னால் வந்தே ஆக வேண்டும்.
- 'நைதர் டோண்ட் ஐ': நைதருக்குள்ளேயே 'இல்லை' இருக்கிறது. இன்னொரு 'நாட்' சேர்ந்தால் இரட்டை நெகட்டிவ்.
- 'நைதர் ஆம் ஐ': கேள்வியில் 'டஸண்ட்' இருக்கும்போது துணைவினை மாறிவிட்டது.
- 'ஸோ டூ ஐ': குறியே தப்பு.

'ஹேவ்' வரும் இடத்தில் மட்டும் நிதானியுங்கள். 'ஹீ டஸண்ட் ஹேவ் எ டிக்கெட்' என்பதில் துணைவினை 'டஸ்', 'ஹேவ்' அல்ல. ஆகவே 'நைதர் டூ ஐ.' 'ஹீ ஹேஸண்ட் பாட் எ டிக்கெட்' என்பதில் துணைவினை 'ஹேஸ்'. ஆகவே 'நைதர் ஹேவ் ஐ.'

இதற்கு மேல்தான் உண்மையான வடிகட்டல். 'நாட்' கண்ணில் படாத நெகட்டிவ் வாக்கியங்கள் உண்டு. ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி, செல்டம், ரேர்லி, நெவர், நோபடி, நத்திங், 'எ' இல்லாத ஃபியூ, 'எ' இல்லாத லிட்டில். இவை இருந்தால் '−' குறிதான். 'ஹீ ஹார்ட்லி ஈட்ஸ் மட்டன்' என்றால் 'நைதர் டூ ஐ.' இங்கே துணைவினை எதுவும் தெரியவில்லை, 'ஈட்ஸ்' நிகழ்காலம், ஆகவே 'டூ'வை நாமே கொண்டுவர வேண்டும். கொஸ்டின் டேகிலும் இதே கணக்கு: 'ஹீ ஹார்ட்லி ஈட்ஸ் மட்டன், டஸ் ஹீ?' என்று டேக் பாசிட்டிவாக வரும். 'எ ஃபியூ', 'எ லிட்டில்' என்று 'எ' ஒட்டிக்கொண்டால் பாசிட்டிவ்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கண்ணி. அர்த்தம் நெகட்டிவாகவும் இலக்கணம் பாசிட்டிவாகவும் இருக்கும் வாக்கியங்கள். 'ஹீ இஸ் அன்ஹேப்பி', 'ஷீ டிஸ்லைக்ஸ் ஃபிஷ்', 'தே ஃபெயில்ட்', 'ஹீ ரெஃப்யூஸ்ட் டு சைன்.' தமிழில் யோசித்தால் 'பிடிக்காது', 'மறுத்துவிட்டான்' என்று நெகட்டிவாகவே ஒலிக்கும். ஆங்கில இலக்கணத்துக்கு இவை '+'. விடை 'ஸோ ஆம் ஐ', 'ஸோ டூ ஐ', 'ஸோ டிட் வீ', 'ஸோ டிட் ஐ.' இந்த இரண்டு பட்டியலையும் பாடமாக்கிவிடுங்கள். விதியைத் தெரிந்தவர்களும் மார்க்கை விடுவது இங்கேதான்.

'ஐதர்' எப்போது? வாக்கியத்தில் 'நாட்' ஏற்கெனவே இருந்தால் ஐதர், கடைசியில். 'ஐ டோண்ட் ஐதர்.' 'ஐ டோண்ட் லைக் இட் ஐதர்.' நைதரும் நாட்டும் ஒரே பதிலில் சேராது, 'நாட்' அல்லது 'நெவர்' மாதிரி ஒரு நெகட்டிவ் சொல் இல்லாமல் இந்த 'ஐதர்' நிற்காது. இதைச் சோதித்தாலே பாதி ஆப்ஷன் விழுந்துவிடும். 'மீ நைதர்' நண்பர்களிடம் பேசச் சரி. 'மீ ஐதர்' அமெரிக்கப் பேச்சுவழக்கு. முழு வாக்கிய வடிவம் ஆப்ஷனில் இருந்தால் அதையே எடுங்கள்.

வாக்கியங்களை இணைக்கும்போது ஒரு நுணுக்கம். 'ஹீ டிடண்ட் கம், நார் டிட் ஹீ கால்' என்றால் காற்புள்ளி போதும், 'நார்' தானே இணைப்புச்சொல். 'நைதர்' போட்டால் 'அண்ட்' வேண்டும்: 'ஹீ டிடண்ட் கம், அண்ட் நைதர் டிட் ஹிஸ் சிஸ்டர்.' வெறும் காற்புள்ளியோடு நைதர் வந்திருந்தால் தப்பு அங்கேதான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒத்துக்கொள்ளாதபோது நைதரும் வேண்டாம், ஸோவும் வேண்டாம், ஆளும் துணைவினையும் போதும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை வைத்தே சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கட்டுமரங்கள் போகும். 'மெக்கனைஸ்ட் போட்ஸ் டோண்ட் கோ அவுட் இன் மே, பட் கட்டமரன்ஸ் டூ.' 'டோண்ட்' என்பதற்கு எதிராக வெறும் 'டூ'.

அடுத்தது நம் ஊர்ப் பேச்சிலேயே ஊறிய சிக்கல்.

"டேய், நேத்து கிளாஸுக்கு வரலையா?"
"ஆமாண்ணா, வரல."

நமக்கு இது சுத்தமான தமிழ். கேட்டவர் சொன்னது சரி என்பதால் 'ஆமா'. அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் 'யெஸ், ஐ டிடண்ட்' என்று தப்பாகிவிடும். ஆங்கிலத்தில் யெஸ்ஸும் நோவும் கேட்டவரைப் பார்ப்பதில்லை, பின்னால் வரும் வினையைப் பார்க்கும். வரவில்லை என்றால் 'நோ, ஐ டிடண்ட்.' வந்திருந்தால் 'யெஸ், ஐ டிட்.' கேள்வி 'டிட் யூ' என்று வந்தாலும் 'டிடண்ட் யூ' என்று வந்தாலும் பதில் மாறாது. யெஸ்ஸுக்குப் பின்னால் 'நாட்' வராது, நோவுக்குப் பின்னால் 'நாட்' வராமல் இருக்காது. 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்று கேட்டால் தாராளமாக உட்காரச் சொல்வதற்கு 'நோ, நாட் அட் ஆல்.' ஆட்சேபம் உண்டா என்பதுதான் கேள்வி, அதனால் சம்மதம் 'நோ'வில் வருகிறது.

'நடக்காது என்றுதான் நினைக்கிறேன்' என்பதற்கு 'ஐ டோண்ட் திங்க் ஸோ.' ஆனால் ஹோப், அஃப்ரெய்ட் இரண்டும் வேறு ஜாதி: 'ஐ ஹோப் நாட்', 'ஐ ஆம் அஃப்ரெய்ட் நாட்.' 'ஐ டோண்ட் ஹோப் ஸோ' என்ற ஆப்ஷன் வந்தால் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

'நைதர்... நார்' வினைப் பொருத்தம் எல்லா வகுப்பிலும் சொல்லித்தருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் எழுவாய்க்கே வினை: 'நைதர் த கோச் நார் த பாக்ஸர்ஸ் வேர் ரெடி', 'நைதர் மை பிரதர் நார் ஐ ஆம் ரெஸ்பான்ஸிபிள்.' 'நைதர் ஆஃப் த பாய்ஸ்' வந்தால் பரீட்சைக்கு ஒருமை 'இஸ்'.

பயிற்சிக்குப் புத்தகம் தேவையில்லை, கூட ஒரு ஆள் வேண்டும். தனியாகப் படிப்பதே நல்லது என்று நினைக்கிறவன் நான், இந்த ஒரு பகுதிக்கு மட்டும் ஜோடி தேவை. கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிற நேரமே போதும். கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தில் படிக்கிறவர்கள் டீ குடிக்க வெளியே வரும்போது செய்யலாம். ஒருவர் வாக்கியம் சொல்ல, இன்னொருவர் மூன்று விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் 'நாட்' உள்ள வாக்கியங்கள் மட்டும். இரண்டாவது வாரம் ஹார்ட்லி, செல்டம் வகை. மூன்றாவது வாரம் டிஸ்லைக், ரெஃப்யூஸ் வகையையும் ஸோ வாக்கியங்களையும் கலந்துவிடுங்கள். பதிலைத் தமிழில் யோசித்து மொழிபெயர்க்கிறவருக்கு மூன்று விநாடி போதாது, துணைவினையைக் காதில் பிடிக்கிறவருக்கு அது தாராளம். தப்பு வந்தால் விதியை விளக்கிக்கொண்டு நிற்காமல் அதே வாக்கியத்தை ஐந்து வாக்கியம் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.