ஒரே கண்மாய், மூன்று கொள்ளளவு

இராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய் ஒன்றை நீரியல், பறவையியல், சமூகவியல் ஆகிய மூன்று துறையினர் சேர்ந்து 2 ஆண்டுகள் ஆய்வு செய்தோம். நீரியல் என் பங்கு. முதல் 6 மாதங்கள் ஒரே வண்டியில் போய் வந்தோமே தவிர, சேர்ந்து வேலை செய்தோம் என்று சொல்ல முடியாது.

சிக்கல் ‘கொள்ளளவு’ என்ற சொல்லில் தொடங்கியது. கோடையில் வறண்டு கிடந்த உள்வாய் (நீர் தேங்கும் உட்பரப்பு) முழுவதையும் மட்டம் பார்த்து, மிகுநீர் வழிந்தோடும் கழுங்கின் உச்சி வரை எவ்வளவு நீர் நிற்கும், தூர் வாரினால் இன்னும் எவ்வளவு கூடும் என்று நான் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்த சமூகவியல் ஆய்வாளர், தாம் பேசிய விவசாயிகளில் ஒருவர்கூடக் கண்மாயை ஆழப்படுத்தக் கேட்கவில்லை என்றும், வயலுக்கு நீர் திறக்கும் மடையையும் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலையும்தான் சரிசெய்யச் சொல்கிறார்கள் என்றும் கூறினார். ‘அது கருத்து, இது அளவு’ என்று பதில் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஐப்பசி மழைக்குச் சில நாள் முன்பு மூவரும் மடையருகே நின்றிருந்தபோது, மடை திறந்து வயல்களுக்கு நீர் பாய்ச்சும் பொறுப்பிலுள்ள அவ்வூர் நீர்பாய்ச்சி, படிக்கட்டில் ஒரு படியைக் காலால் தட்டி, “இது முங்குனாத்தான் கடைமடைக்குத் தண்ணி ஏறும்; இதுக்குக் கீழ நிக்கிறது ஆடுமாடு குடிக்கத்தான்” என்றார். மடைவாய்க்குக் கீழே தேங்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. நான் தூர் வாரிக் கூட்டிக்காட்டிய நீரில் பெரும்பகுதி அந்த மட்டத்துக்குக் கீழேதான் இருந்தது. பறவைகளுக்காவது அது பயன்படுமே என்று சமாளித்தேன்; பறவையியலாளர் அதையும் ஏற்கவில்லை. மஞ்சள் மூக்கு நாரை ஆழமில்லாத நீரில் நின்று, அலகால் துழாவி மீன் பிடிப்பது. பொக்லைன் செங்குத்தாக வெட்டிய குழி அதற்கு உதவாது, சரிவாக வற்றும் ஓரம்தான் வேண்டும் என்றார். அன்று மாலையே அட்டவணையில் கொள்ளளவு என்ற ஒற்றைக் கட்டத்தை நீக்கிவிட்டு, மடைவாய்க்கு மேல் நிற்கும் நீர், கீழ் நிற்கும் நீர், நாரை நிற்கக்கூடிய ஆழமுள்ள பரப்பு என்று மூன்றாகப் பிரித்தோம்.

அடுத்த மோதல் நாட்கணக்கில் வந்தது. நேர்காணல்களில் தேதியே கிடையாது; ‘கார்த்திகை தீபத்துக்கு மறுவாரம் கழுங்கு பாய்ந்தது’ என்பதுபோல்தான் இருந்தன. என்னிடமோ 5 நாளுக்கொரு முறை எடுக்கப்படும், 10 மீட்டர் துல்லியம் கொண்ட சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இருந்தன. ஆனால் கண்மாய் நிறையும் வாரங்களில்தான் மேகமும் மூடிக்கொள்கிறது. மேகம் விலகிய நாட்களிலும் கருவேல மரங்களுக்கும் கோரைக்கும் அடியில் நின்ற நீர் படத்தில் தெரியவில்லை. பழைய பஞ்சாங்கங்களை வைத்துக்கொண்டு ஊரார் சொன்ன நாட்களை ஆங்கிலத் தேதிகளாக மாற்றி, என் படங்களில் விழுந்திருந்த இடைவெளிகளை நிரப்பினோம். சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் மூவரும் உண்மையில் ஒன்றாகச் செய்த முதல் வேலை அதுவே.

மரங்களைப் பற்றிய வாதம் விரைவில் தீர்ந்தது. என் வரைபடம் எல்லாவற்றையும் ‘மரப்பரப்பு’ என்று ஒரே பச்சையில் காட்டியது. நாரைகள் கூடு கட்டியிருந்த நாட்டுக் கருவேலத்தையும், வெட்டியே ஆகவேண்டும் என்று ஊர் சொன்ன சீமைக் கருவேலத்தையும் நடந்து சென்று தனித்தனியே குறித்தோம்.

கட்டுரை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. நாங்கள் அனுப்பிய ஓர் ஆய்விதழ் நேர்காணல் பகுதியைச் சுருக்கச் சொன்னது. அதைச் சுருக்கினால் மூன்று கட்டங்கள் ஏன் வந்தன என்பதே விளங்காது என்பதால் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

அனுப்புமுன் நீர்மட்டப் படத்தை நீர்பாய்ச்சியிடம் காட்டியிருந்தோம். நான்காம் படி என்று நாங்கள் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, “அஞ்சுன்னு போடுங்க தம்பி. அடியில ஒரு படி மண்ணுக்குள்ள கெடக்கு” என்றார். திருத்திக்கொண்டோம்.