ஸ்லாஷும் செந்தூல் அங்கிளும்

புது நாட்டுக்கு வந்தவனுக்குக் கிடைக்கிற அறிவுரை எல்லாம் சாப்பாடு, வாடகை, விசா இந்த மூன்றைத் தாண்டிப் போகாது. எனக்கும் அப்படித்தான். மலிவாக எங்கே சாப்பிடலாம், மஸ்ஜித் இந்தியா பக்கம் ஊருக்குப் பணம் அனுப்ப எந்தக் கடை, ராத்திரியில் எந்தத் தெருவைத் தவிர்க்கணும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கோலாலம்பூரில் நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய ஆள்களுக்கு ராக் இசை மேல் இப்படி ஒரு பைத்தியம் இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை நான் தெரிந்துகொண்டது 2018 நவம்பர் 14, ஒரு புதன்கிழமை ராத்திரி, சன்வே லகூனில், கன்ஸ் அண்ட் ரோசஸ் என்கிற அமெரிக்க ராக் குழுவின் கச்சேரியில்.

அந்த வருஷம் மே மாதத் தேர்தலில்தான் மலேசியாவில் முதல் தடவையாக ஆட்சி மாறியிருந்தது. அதனால் எங்கே போனாலும் அரசியல். முடிவெட்டப் போனால் புதுப் பிரதமர் மகாதீர், லிப்டில் ஏறினால் ஜிஎஸ்டி வரி போய் எஸ்எஸ்டி வரி வந்த கதை. எனக்கு அதில் கலந்துகொள்ள ஒன்றும் தெரியாது, தலையாட்டுவேன். ஆபீசில் சீனர்களும் மலாய்க்காரர்களும் நன்றாகத்தான் பழகினார்கள், ஆனால் ஆறு மணிக்கு மேல் அவரவர் வீடு, அவரவர் மொழி. நான் கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு டெரஸ் வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நான் அங்கிள் என்று கூப்பிடுவேன். அந்தப் பட்டறை இப்போது அங்கே இல்லை, பேராக்கில் இருக்கும் பத்து காஜா ஊருக்குப் போய்விட்டது. அவர் மட்டும் செந்தூலை விட்டு நகரவில்லை.

அவர் வீட்டு ஹாலில் அலமாரிக்கு மேலே ஒரு கிதார் உறை இருக்கும். மகனுடையதாக இருக்கும் என்று நினைத்து நான் கேட்கவே இல்லை. தீபாவளிக்கு, அது அந்த வருஷம் நவம்பர் 6, வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைக்கிற திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்திருந்த அவருடைய பழைய நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சாப்பிட்டு முடித்துவிட்டு ஆரம்பித்த பேச்சில்தான் விஷயம் வெளியே வந்தது. எழுபதுகளில் அங்கிள் ஒரு பேண்டில் லீட் கிதார் வாசித்தவர். பகலில் பட்டறை, சனி ராத்திரி கல்யாண விருந்து, கிளப், ஹோட்டல் டின்னர். டீப் பர்ப்பிள், சந்தானா என்று ராக் குழுக்களின் பாட்டு, நடுவில் யாராவது பெரியவர் கேட்டால் ஒரு பழைய தமிழ்ப் பாட்டு. பினாங்கில் இருந்து அலிகேட்ஸ் என்ற குழு வந்து பெரிய ஆளானபோது இவர்களுக்கெல்லாம் ஒரே உற்சாகமாம். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், இரண்டு தமிழ் அண்ணன் தம்பிகள், தலையில் பெரிய சுருட்டை முடி, பாடுவது மலாய்ப் பாட்டு, நாடே கேட்கிறது. லோகா 2007இல் இறந்துபோனார் என்று சொன்னபோது அங்கிளின் நண்பர் ஒருவர் தட்டில் இருந்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு இது புதுசு. நான் திருச்சியில் இன்ஜினியரிங் படித்தபோது ராக் என்பது கான்வென்டில் படித்து வந்த பையன்களின் சமாச்சாரம். ஹாஸ்டலில் ஒருத்தன் எம்பி3 சிடி எரித்துக் கொடுத்து, அதில் கன்ஸ் அண்ட் ரோசஸின் கிதார்காரர் ஸ்லாஷ் வாசித்த பாட்டுகளைக் கேட்டு, ரகசியமாகப் பிடித்துப் போய், வெளியே ராஜா ரகுமான் சண்டை போட்டுக்கொண்டிருந்தவன் நான். 2012 டிசம்பரில் கன்ஸ் அண்ட் ரோசஸ் பெங்களூருக்கு வந்தது, நண்பர்கள் போனார்கள், நான் போகவில்லை. அப்போது அந்தக் குழுவில் ஸ்லாஷ் இல்லை. 1996இல் விலகிப் போனவர், 2016இல்தான் திரும்பி வந்தார். ஸ்லாஷ் இல்லாத கன்ஸ் அண்ட் ரோசஸை நான் எதற்குப் பார்க்கணும்?

டிக்கெட் என்னுடையது இல்லை. அங்கிளின் மகன் அப்பாவுக்கும் தனக்குமாக வாங்கி வைத்திருந்தான், கடைசி நேரத்தில் கம்பெனி வேலையாக ஜோகூருக்குப் போக வேண்டியதாகிவிட்டது. "தம்பி, நீங்க சும்மாதான இருக்கீங்க, வாங்க லா" என்றார் அங்கிள். ஆன்ட்டி ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டை இரண்டு பேர் பையிலும் திணித்தார். நவம்பர் மாதம், நம்ப முடியாது.

கிராப் டாக்சி போட்டுப் போகலாம் என்றேன். ரயில்வேக்காரர் ஒத்துக்கொள்வாரா? செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகம் போகும் வண்டிக்கு மாறி, செத்தியா ஜெயாவில் இறங்கி, அங்கிருந்து மேம்பாலத்தில் ஓடுகிற பிஆர்டி பஸ். போகிற வழியெல்லாம் இந்தப் பெட்டி எந்த நாட்டில் செய்தது, அந்தச் சத்தம் எந்த பேரிங்கில் இருந்து வருகிறது என்று விளக்கம். சன்வே நகரமே பழைய ஈயச் சுரங்க நிலம் என்பதும் அப்போது அவர் சொல்லித்தான் தெரியும். தோண்டிப் போட்ட பள்ளத்தில் செயற்கை அலை, செயற்கை மணல், அதற்கு முன்னால் மேடை.

நான் எதிர்பார்த்தது இளவட்டக் கூட்டம். வந்திருந்தவர்கள் என் சித்தப்பா வயசு. தொப்பை, வெளுத்துப் போன கறுப்புச் சட்டை, அதில் சர்ச், விங்ஸ் என்று உள்ளூர் மலாய் ராக் குழுக்களின் பெயர். தூடோங் என்கிற தலைமுக்காடு போட்ட அக்காமார்கள் கூட்டமாக வந்து முன்வரிசைக்கு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். எண்பதுகளில் இங்கே ரோக் கபாக் என்று ஒரு ராக் அலை அடித்தது, இறுக்கமான பேன்ட், தோள் வரை முடி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீளமுடி ராக்காரர்களை அரசுத் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்று தகவல் அமைச்சு தடை போட, பெரிய பெரிய பாடகர்கள் எல்லாம் முடியை வெட்டிக்கொள்ள வேண்டி வந்தது. அங்கிள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்ற மலாய்க்காரர் ஒருவர் திரும்பி, தன் வழுக்கையைத் தடவி, "எனக்கு அரசாங்கம் வெட்டவில்லை, தானாகவே போய்விட்டது" என்று மலாயில் சொல்ல, அங்கிள் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு அவருடன் சேர்ந்து சிரித்தார். அப்புறம் அந்த மனிதர் கச்சேரி முடிகிற வரைக்கும் எங்களுடனேயே இருந்தார்.

சரி, ஸ்லாஷ்.

அப்போது அவருக்கு 53 வயசு. தொப்பி, அதற்குக் கீழே சுருள் முடி, கழுத்தில் லெஸ் பால் கிதார். அது நாலு கிலோவுக்கு மேல் கனம், அதை மாட்டிக்கொண்டு கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். இந்த மனிதருக்கு முப்பத்தைந்து வயசிலேயே குடியால் இதயம் வீங்கி, இன்னும் சில வாரம்தான் என்று டாக்டர்கள் சொல்லி, நெஞ்சுக்குள் ஒரு கருவியைப் பொருத்தி அனுப்பினார்கள். பிறகு குடியையும் போதையையும் விட்டார், சிகரெட்டையும் விட்டார். அதனால் அவர் மேடையில் ஓடுவதையே ஒரு போனஸாகத்தான் பார்க்கணும்.

முதல் சில பாட்டுக்கு நான் பார்த்தது தொப்பியையும் முடியையும்தான். அங்கிள் பெரிய திரையில் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடுறான் பாருங்க, ஆனா சோலோ வரும்போது ஓட மாட்டான். கால ஊனி நிப்பான், கழுத்த மேல தூக்குவான்." கிதாரின் கழுத்தைச் சொல்கிறார். அது கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும்போது இடது மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கும், விரலுக்கு வலு கிடைக்கும். நான் வருஷக்கணக்காக அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் சொன்னார். இந்தக் குழு எப்போதுமே தந்திகளை அரை ஸ்வரம் இறக்கித்தான் சுருதி சேர்க்கும். பாடகருக்கு உச்சத்தில் கொஞ்சம் சுலபம், கிதார்காரருக்குத் தந்தி கொஞ்சம் தளர்வு. பாடகர் ஆக்சில் ரோசுக்கு அந்த அரை ஸ்வரம் போதவில்லை என்பது அன்றைக்கு நன்றாகவே தெரிந்தது. குரலுக்கு மூப்பு விரலை விடச் சீக்கிரம் வந்துவிடுகிறது போல. ஆனால் அவர் பியானோவில் உட்கார்ந்து 'நவம்பர் ரெயின்' என்ற நவம்பர் மழைப் பாட்டை ஆரம்பித்தபோது, நவம்பரில், கோலாலம்பூரில், பையில் மழைக்கோட்டோடு நின்ற எங்கள் யாருக்கும் குறை சொல்ல வாய் வரவில்லை.

நான் காத்திருந்தது 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' பாட்டுக்கு. விளையாட்டாக வாசித்துப் பார்த்த ஒரு விரல் வித்தையில் இருந்து வந்த தொடக்கம் அது. அந்த முதல் சுரங்கள் வந்ததும் பக்கத்து மலாய்க்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். தனி வாசிப்பு வந்தது. 1987 ரெக்கார்டில் இருக்கும் ஒவ்வொரு சுரமும் எனக்கு மனப்பாடம், அதனால் எங்கெல்லாம் விலகுகிறார் என்று உடனே தெரிந்தது. ஒரு இடத்தில் வேகமாக இறங்க வேண்டியதை இறங்காமல் ஒரே சுரத்தில் நின்று, தந்தியை இழுத்து, அதை அசைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கத்துத் தவில் வித்வான்கள் ஒரு அடியை வேண்டுமென்றே விட்டுவிட்டுச் சிரிப்பார்களே, அந்த மாதிரி. அதில் குறைந்தது ஒன்றும் இல்லை. ரெக்கார்டில் இருப்பது இருபத்தொரு வயசுப் பையன் தன்னை நிரூபிக்க வாசித்தது. இவருக்கு யாருக்கும் எதுவும் நிரூபிக்க வேண்டியதில்லை.

இதைச் சென்னை நண்பனிடம் போனில் சொன்னபோது "கெழவனுங்க காசுக்காக ஆடுறானுங்கடா" என்றான். காசுக்காகத்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் இதே ஆள் மார்கழியில் சபாவுக்குப் போய், எண்பது வயசு வித்வான் வந்து உட்கார்ந்தாலே கண்ணில் தண்ணீர் விடுகிறவன். அங்கே வயசு ஒரு தகுதி. ஒரு சங்கதி பிசகினால்கூட "அனுபவம்" என்போம். ராக்காரன் மட்டும் இருபத்தைந்திலேயே நின்றுவிட வேண்டுமாம். இந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

கச்சேரி முடிந்தபோது கூட்டத்தில் பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை, அங்கிளே கிராப் என்றார். அதற்கு முன் பசி. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் தே தாரேக் என்கிற ஆற்றிய டீயும். பரிமாறிய பையன் ராமநாதபுரம். என் பேச்சைக் கேட்டதும் "அண்ணன் எந்த ஊரு?" என்று ஆரம்பித்து, திருச்சி என்றதும் ஒரு குழம்பு கூடுதலாக ஊற்றினான். அங்கேதான் அங்கிள் கை பற்றிச் சொன்னார். இடது கையில் மோதிர விரல் முழுதாக மடங்குவதில்லை, காலையில் எழுந்தால் இன்னும் மோசம். பட்டறையில் அடிபட்டதா என்று கேட்டேன். "இல்ல தம்பி, வெறும் வயசு." கிதாரை அலமாரி மேல் ஏற்றிய காரணம் அதுதான்.

அப்புறம் பிளாக் சபாத் குழுவின் கிதார்காரர் டோனி அயோமி கதையைச் சொன்னார், அதைச் சொல்லும்போது ஸ்லாஷைப் பற்றிப் பேசியதை விடக் குரல் உயர்ந்தது. பர்மிங்ஹாமில் தகட்டுப் பட்டறை, 17 வயசு, வேலையை விடுகிற கடைசி நாள், இயந்திரத்தில் கை மாட்டி இரண்டு விரல் நுனி போனது. அந்த ஆள் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தனக்குத் தானே விரல் நுனி செய்துகொண்டார், அதற்கு மேல் பதனிட்ட தோல் துண்டை ஒட்டினார், மெல்லிய தந்தி தேடிப் போட்டார், பிறகு தந்தியை இன்னும் தளர்த்தி இறக்கினார். பிளாக் சபாத்தின் அந்தக் கனத்த சத்தத்தில் பாதி அந்த விபத்தால் வந்தது. "பிட்டர் மூள, தம்பி. கம்பெனி சாமான் தர்றவரைக்கும் நாங்க காத்திருக்க மாட்டோம்."

கிதார் மேதை எரிக் கிளாப்டனுக்கு நரம்புக் கோளாறு வந்து வாசிக்கவே சிரமப்படுவதாக 2016இல் அவரே சொன்னார், அப்புறமும் மேடை ஏறினார் என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். "அப்புறம் எனக்கு என்ன?" என்று அங்கிள் கேட்டார், என்னிடம் இல்லை, தே தாரேக்கிடம்.

அடுத்த வார இறுதியில் கிதார் கீழே வந்தது. தந்தியெல்லாம் துரு. நானும் அவரும் போய்ப் புதுசு வாங்கினோம், கடைக்காரப் பையன் கனமானதை எடுத்துக் காட்ட, அங்கிள் மெல்லிய ஒன்பதாம் நம்பர் போதும் என்றார். "ஸ்லாஷ் பதினொண்ணு போடுறான். அவனுக்கு 53, எனக்கு 66. கணக்கு சரியா இருக்குல்ல?" வீட்டுக்கு வந்து அரை ஸ்வரம் இறக்கி, போதவில்லை என்று இன்னும் அரை இறக்கி, மோதிர விரலை விட்டுவிட்டு மற்றதை வைத்து ஒரு சந்தானா பாட்டைத் தேட ஆரம்பித்தார். பாதி வந்தது. ஆன்ட்டி சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்து, வாசிக்கிறதுன்னா வாசிங்க, அந்தத் தொப்பிய மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க என்றார்.