இடியத்தை விட்டுவிட்டு ஐஈஎல்ரிஎஸ் போகிற பெடியளுக்கு

யாழ்ப்பாணத்தில் ஐஈஎல்ரிஎஸ் (IELTS என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை) வகுப்பு விளம்பரம் இல்லாத சந்தி குறைவு. போகிற பெடியள் கிரமரைக் கரைத்துக் குடித்திருப்பார்கள், ஆனால் கனடாவில் இருக்கிற மச்சான் போனில் 'ஐ ஆம் அண்டர் த வெதர்' என்றால், அங்கே பனி கொட்டுகிறதா என்று கேட்பார்கள். அவனுக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். இப்படியான மரபுத்தொடரைத்தான் இடியம் என்பது. தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டலாம், தெரிந்த சொற்களே கூடி நின்று வேறெதையோ சொல்லும்போது தேடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வராது, சிக்கல் அங்கேதான்.

பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம். அதில் சொல்வளத்துக்குத் தனிப் புள்ளி, 7ஆம் பாண்டுக்கான (பாண்ட் என்றால் புள்ளிப் படி) விளக்கத்திலேயே இடியம் வந்துவிடுகிறது. அதற்காகப் பட்டியலைப் பாடமாக்கி ஒப்புவிக்கப் போகாதீர்கள், கேட்கிறவருக்கு உடனே பிடிபட்டுவிடும்.

இடியத்தை இஷ்டத்துக்கு வளைக்கவும் முடியாது. 'கிக் த பக்கெற்' என்றால் ஆள் போய்விட்டார் என்று பொருள், அதையே செயப்பாட்டு வினையாக்கி 'த பக்கெற் வோஸ் கிக்ட்' என்றால் வெறும் வாளிதான் உதைபடும். (செத்தவீட்டில் அதைச் சொல்லித் தொலைக்காதீர்கள், அது நக்கல் பேச்சு.)

என்னைக் கேட்டால், முதலில் வேலைத்தளத்தில் அடிபடுகிறவற்றைப் பிடியுங்கள். 'லெற்ஸ் கோல் இற் அ டே' என்று மனேஜர் சொன்னால் இன்றைக்கு வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.